மூடியில் இடமில்லை

தி.நகர்,
12.6.2024

அன்புத் தம்பி ஜவஹருக்கு,

அக்கா பொன்மணி எழுதுவது. நான் சுகம், முட்டி மட்டும் சுகமில்லை. நீயும் சீதாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் சர்க்கரை எவ்வளவு என்று உன் பெண்டாட்டியைக் கேட்டால் உன்னைக் கேட்கச் சொல்கிறாள். உன்னைக் கேட்டால் நாட்டின் இறக்குமதி எவ்வளவு என்று சொல்கிறாய்.

அதனால்தான் கடிதம். நேற்றுப் போனில் நாற்பது நிமிஷம் பேசினாய். அதில் என் பங்கு "ம்" மட்டும். கடையில் ஆள் நிற்கிறது, ஒரு கையில் போன், இன்னொரு கையில் இட்லிப் பானை. இனிமேல் டப்பா விஷயமாக எதுவானாலும் எழுதி அனுப்பு. எனக்குச் சரக்குப் போடுகிற எல்லோரும் எழுதித்தான் தருகிறார்கள்.

நீ பேசியதில் எனக்கு விளங்கியது இவ்வளவு. ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருஷம் கிடங்கு பார்த்துச் சேர்த்ததை மொத்தமாகப் போட்டு, ராணிப்பேட்டையில் ஷெட் எடுத்து, எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா அடிக்கிறாய். ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் என்னிடம் சொன்னாய், அது போகட்டும். இப்போது நான் என் கடையிலுள்ள வெளிநாட்டு டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு உன் டப்பாவை மட்டும் அடுக்க வேண்டும். அடுக்கினால் நாட்டின் பொருளாதாரம் நிமிர்ந்துவிடும்.

ஏலே, ரங்கநாதன் தெருப் பிளாட்பாரத்தில் கரண்டி விற்று ஆரம்பித்தவள் நான். உன் அத்தான் போன பிறகு தனியாக நின்று இந்தக் கடையை நடத்துகிறேன். எட்டுப் பெண்கள் என்னை நம்பி வேலைக்கு வருகிறார்கள். நாட்டை நிமிர்த்துவதற்கு முன்னால் என் கடைத் தட்டு காலியாக வேண்டும்.

எனக்கு மூன்று பதில் வேண்டும். தகடு என்ன கனம்? டஜன் என்ன விலை? மூடிக்குள் போடுகிற ரப்பர் வளையம் எங்கே வாங்குகிறாய்? டப்பா ஒழுகுவதும் ஒழுகாததும் அந்த வளையத்தில்தான் இருக்கிறது.

சீதாவை அதிகம் அலைய விடாதே.

உன் அக்கா,
பொன்மணி

*

ராணிப்பேட்டை,
20.6.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி ஜவஹரின் வணக்கம். உங்கள் முட்டி வலிக்கு சீதா ஒரு தைலம் அனுப்புகிறாள். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

அரை மில்லிமீட்டர் தகடு. விலைப் பட்டியல் இதனுடன் இருக்கிறது. மாதிரிக்கு இருபத்து நான்கு டப்பா பார்சலில் வருகிறது.

அக்கா, நீங்கள் இதை ஒரு டப்பாவாக மட்டும் பார்க்கிறீர்கள். இதில் ஒன்று விற்றால் தகடு உருட்டியவருக்குக் கூலி, லாரிக்காரருக்கு வாடகை, ஷெட் வாசலில் டீ போடுகிறவருக்கு வியாபாரம். தகட்டை அழுத்தி டப்பாவாக்குகிற எங்கள் பிரஸ்ஸை ஓட்டுகிற ஜமீலுன்னிசா, வேலை பார்த்த ஷூ கம்பெனியை மூடிவிட்டதால் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவர். இன்று அவரோடு சேர்த்து ஒன்பது பெண்கள் இங்கே சம்பளம் வாங்குகிறார்கள். அதே பணத்துக்கு வெளிநாட்டு டப்பா வாங்கினால் இவர்களில் யாருக்கு என்ன கிடைக்கும்? வாங்குகிற ஒவ்வொருவரும் இதை யோசித்தால் போதும். யோசிக்க வைக்கத்தான் மூடியில் ஒரு வரி அடித்திருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் பார்ப்பீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
ஜவஹர்

*

தி.நகர்,
8.7.2024

அன்புத் தம்பி ஜவஹருக்கு,

தைலம் வந்தது, நாற்றம் தாங்கவில்லை, வலி குறைந்திருக்கிறது. சீதாவிடம் சொல்.

டப்பாவும் வந்தது. எடை நன்றாக இருக்கிறது, விளிம்பில் கையைக் கிழிக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்தேன், ஒரு சொட்டு வரவில்லை. வேலை தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள்.

மூடியைப் பார்த்தேன். நடுவில் சக்கரம், சுற்றிலும் பூ வளையம், அதற்குள் "முழுக்க முழுக்க நம் மண்ணில் செய்தது, நம் கைகள் செய்தது" என்று இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை. சாப்பாட்டு டப்பாவா, கல்வெட்டா? என் கடைப் பெண்கள் ஆளுக்கொரு முறை சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். சிரித்தாலும் பொருள் பரவாயில்லை என்றார்கள். ஆடித் தள்ளுபடிக்கு இருநூறு அனுப்பு. தம்பி என்பதற்காகக் கேட்கவில்லை, டப்பா ஒழுகவில்லை என்பதற்காகக் கேட்கிறேன்.

மூன்று கேள்வி கேட்டேன், இரண்டுக்குத்தான் பதில் வந்தது. வளையம் எங்கே வாங்குகிறாய்?

வேளைக்குச் சாப்பிடு.

பொன்மணி

*

ராணிப்பேட்டை,
30.7.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நலம் என்று உங்கள் கடைப் பெண்கள் சொன்னார்கள். ஆமாம், சனிக்கிழமை கடைக்கு வந்தேன். நீங்கள் சாப்பிட மந்தைவெளி வீட்டுக்குப் போயிருந்தீர்கள். காத்திருக்க மனம் வரவில்லை.

வாசலில் மலை போல வெளிநாட்டு பாட்டில். விளக்குப் போட்ட கண்ணாடித் தட்டில் வெளிநாட்டு டப்பா. என் டப்பா எங்கே என்று தேடினேன். அப்பளக் குழவிக்குப் பக்கத்தில், குனிந்தால் தெரிகிற அடித் தட்டில் இருந்தது. ஒரு அம்மா வாசலில் இருந்ததையே எடுத்துக்கொண்டு போனார். குனியவே இல்லை.

ஊரில் எந்தக் கடைக்காரர் இப்படி வைத்திருந்தாலும் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. நாட்டில் தொழில் வளராததற்குக் காரணம் தயாரிப்பவன் இல்லை அக்கா. வருகிற லாபத்தில் குறை வைக்கக் கூடாது என்று நினைக்கிற கடைக்காரர்கள்தான். மன்னிக்கவும், மனதில் இருந்ததை எழுதிவிட்டேன்.

சீதா உங்களை விசாரித்தாள்.

ஜவஹர்

*

தி.நகர்,
2.9.2024

தம்பி ஜவஹருக்கு,

முட்டி வீங்கியிருக்கிறது. ஆடி மாதம் முழுக்க நின்றபடி விற்றால் வீங்கத்தான் செய்யும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை, கோபத்தில் இல்லை. கோபமும் இருந்தது.

லாபத்தில் குறை வைக்காத கடைக்காரி சொல்கிறேன், கேள். வாசலில் பார்த்தாயே பாட்டில், அதை லாரியிலிருந்து இறக்குகிறவர் சாந்தோம்காரர். விற்கிற பெண் சைதாப்பேட்டை. அதில் வருகிற காசில்தான் என் கடைப் பெண்கள் எட்டுப் பேருக்கும் தீபாவளிக்குத் துணி. அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள்? உன் ஒன்பது பேர் மட்டும்தான் நாடா? வாங்க வருகிறவளுக்கு மாதக் கடைசி. அவளிடம் போய் நாட்டை நீதான் தூக்கி நிறுத்த வேண்டும் என்றால், இருக்கிற சுமை போதாதா என்று அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

போகட்டும், அடித் தட்டில் வைத்தது தப்புதான். நீ எழுதியதும் இருபது டப்பாவைக் கண்ணாடித் தட்டில் ஏற்றினேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மயிலாப்பூர் ஸ்ரீலக்ஷ்மி மாமி வந்தார். பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி வாங்கினாலும் நம்மூர்ச் சரக்குதானா என்று கேட்டுத்தான் வாங்குவார், வெளிநாட்டுச் சரக்கு விற்கிறேன் என்று என்னிடம் வருஷம் முழுக்கச் சண்டை. உனக்கென்றே செய்த வாடிக்கை. அக்கா பேரன் பூணூலுக்குக் கொடுக்க நாற்பது டப்பா வேண்டும் என்றார். உன்னுடையதைக் கையில் கொடுத்தேன். மூடியைப் படித்தார், கண் கலங்கிவிட்டது. "நாப்பதும் இதுவே போடு" என்றார். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

பேர் வெட்டுகிற கபாலியைக் கூப்பிட்டேன். அவர் மூடியை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இன்னாமா இது, மூடி ஃபுல்லா எய்திக்கீது. எங்க வெட்றது?"

பக்கவாட்டில் வெட்ட முடியாதா என்று கேட்டேன். வளைவில் எழுத்து கோணும், அடியில் வேண்டுமானால் வெட்டலாம் என்றார். மாமி முகம் மாறிவிட்டது.

"அடியிலயா? அவா ஆத்துல அலமாரில வச்சா ஸ்ரீலக்ஷ்மி குடுத்ததுன்னு யாருக்குத் தெரியும்? வேண்டாம். அதோ அந்த வழவழன்னு மூடி இருக்கே, அதையே நாப்பது குடுத்துடு."

"மாமி, அது வெளிநாட்டுச் சரக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். அதுல எடம் இருக்கே."

நாற்பதும் அதுவே போனது. புரிகிறதா? ஷார்ஜாவில் யாரும் பாத்திரத்தில் பேர் வெட்டுவதில்லை போலிருக்கிறது. இங்கே பாத்திரம் வாங்குவதில் பாதிக்கு மேல் யாருக்கோ கொடுக்கத்தான். கொடுக்கிறவளுக்குத் தன் பேர் அந்த வீட்டு அடுப்படியில் இருக்க வேண்டும். நாட்டின் பேர் இல்லை, தன் பேர். அந்த இடத்தில் நீ உட்கார்ந்துகொண்டாய். இருநூறில் நூற்று முப்பது அப்படியே நிற்கிறது. பாத்திரக் கடைக்காரியின் தம்பி செய்கிற தப்பா இது?

மூடியை வெறுமையாக விடு. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

வளையம் பற்றி மறுபடி கேட்கிறேன்.

பொன்மணி

*

ராணிப்பேட்டை,
10.9.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வீக்கம் வடிந்ததா? டாக்டரிடம் காட்டுங்கள்.

மூடியை மாற்ற மாட்டேன். ஷார்ஜாக் கிடங்கில் தினம் பெட்டி பிரிப்பேன். எத்தனையோ நாட்டின் பேர் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சாமான் பெட்டியில் நம் பேரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. ஒருநாள் ஒரு பொருளில் நம் பேரைப் பெரிதாக அடிப்பேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். அந்த வரிக்காகத்தான் வேலையை விட்டு வந்தேன். அது இல்லாவிட்டால் இது வெறும் டப்பா. ஒரு மாமிக்காக அழிக்க முடியாது.

நாலாயிரம் மூடி அடித்தும் வைத்துவிட்டேன். தீபாவளிக்கு ஆகும் என்று இன்னும் நூறு டப்பா உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் கேட்கவில்லை, தெரியும். வைத்துப் பாருங்கள்.

ஜவஹர்

*

தி.நகர்,
28.9.2024

தம்பி ஜவஹருக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. சீதாவை மட்டும் கேட்டதாகச் சொல்.

நீ அனுப்பிய நூறும் வந்தது. பெட்டியைப் பிரித்தது கபாலி. பிரித்துவிட்டு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "உங்க தம்பி வளையத்த கப்பல்ல கொண்டாராரு போலகீதும்மா" என்றார். வளையம் வந்த பெட்டியிலேயே டப்பாவை அடுக்கி எனக்கு அனுப்பியிருக்கிறாய். பெட்டியில் ரப்பர் வளையம் என்று சரக்கின் பேர், சீனத்து ஊர்ப் பேர், துறைமுகப் பேர், எண்ணிக்கை எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் பெட்டியில் ஊர்ப் பேர் படித்தவன், சொந்தப் பெட்டியைப் படிக்கவில்லை.

மூன்று தடவை கேட்டேன் ஜவஹர். மூன்று தடவையும் நாட்டைப் பற்றி எழுதினாய்.

சீனத்து வளையம் போட்டது எனக்குத் தப்பாகவே படவில்லை. ஒழுகாத வளையம் எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குகிறவன்தான் வியாபாரி. ஆனால் மேலே "முழுக்க முழுக்க" என்று எழுதிவிட்டு உள்ளே அதை மாட்டியிருக்கிறாய். காகிதத்தில் சொன்ன பொய் என்றால் கிழித்துப் போடலாம். நீ எவர்சில்வரில் அடித்து வைத்திருக்கிறாய். ஸ்ரீலக்ஷ்மி மாமி கண் கலங்கினாரே, அந்த நாற்பதும் விற்றிருந்தால் நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? என் கடையில் விலை கூடுதல் என்பார்கள், தரம் பற்றிக் குறை சொல்வார்கள், பொய் சொன்னேன் என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

நூற்று முப்பதும் இந்த நூறும் திங்கட்கிழமை லாரியில் திரும்பி வருகிறது. அந்த மூடியோடு ஒரு டப்பாகூட என் கடையில் ஏறாது. அக்கா இப்படிச் செய்யலாமா என்று அழுவாய். அழு. அழுது முடித்து ஒன்பது பேர் சம்பளத்துக்கு என்ன வழி என்று யோசி.

பொன்மணி

*

ராணிப்பேட்டை,
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம், எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலில் நம்மூர் வளையம்தான் போட்டேன். மூன்று இடத்தில் வாங்கிப் பார்த்தேன். சூடான சாம்பார் ஊற்றினால் பத்தாவது நாள் ஒழுகியது. அதற்குள் மூடி அடித்தாகிவிட்டது. சின்ன வளையம்தானே என்று நினைத்தேன். நீங்கள் முதல் கடிதத்திலேயே அதைக் கேட்டீர்கள். அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தைப் பிரிக்கவே பயமாக இருந்தது.

நீங்கள் திருப்பி அனுப்பியது பரவி, வேலூரில் இரண்டு கடைக்காரர்களும் வேண்டாம் என்றார்கள். தீபாவளிக்கு முன்னால் பெண்களை வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரச் சொன்னேன். ஜமீலுன்னிசா அன்று மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், அந்த வரியப் பாத்தா எங்க வூட்ல அடுப்பு எரியுது? டப்பா வண்டி ஏறுனாதான் எரியும். வண்டி ஏறல சார்" என்றார்.

நீங்கள் இதையே நாலு கடிதத்தில் எழுதினீர்கள். உங்கள் மேல் கோபம் வந்தது. அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை?

நாலாயிரம் மூடியையும் பழைய தகட்டு எடைக்குப் போட்டுவிட்டேன். தராசில் ஏற்றும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அச்சில் இருந்த எழுத்தை நிரவியாகிவிட்டது. மூடி இப்போது வெறுமையாக இருக்கிறது. அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர்: "டப்பா ராணிப்பேட்டையில் செய்தது. வளையம் இறக்குமதி." ஆறு மாதிரி அனுப்பியிருக்கிறேன். எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஜவஹர்

*

தி.நகர்,
29.11.2024

அன்புத் தம்பி ஜவஹருக்கு,

இங்கே நலம். அங்கேயும் ஆகிவிடும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாயா இல்லையா, அதை எழுது.

மாதிரியைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று எழுத மாட்டேன், எழுதினால் விலையை ஏற்றுவாய். கபாலி ஒரு மூடியில் தன் பேரையே வெட்டிப் பார்த்து, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆகையால் ஐந்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

தை முகூர்த்தத்துக்கு முந்நூறு அனுப்பு. வெளிநாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், அதே தட்டில், அதே விளக்கில் வைக்கிறேன். இறக்கச் சொல்லாதே, இறக்க மாட்டேன். ஜனம் இரண்டையும் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பார்சல் பொங்கலுக்கு முன்னால் வரவில்லையென்றால் வரவே வேண்டாம்.

ஸ்டிக்கரில் பசை மோசம். நாலு கழுவலில் எழுத்து போய்விடும். அதை மாற்று.

சீதாவுக்கு என் அன்பு.

பொன்மணி

*

தி.நகர்,
27.1.2025

ஜவஹர்,

சுகம்தானே? சுகமாகத்தான் இருப்பாய், காரணம் கீழே.

முந்நூறும் பதினோரு நாளில் போய்விட்டது. போன வாரம் அடையாறிலிருந்து ஒரு கல்யாணக்காரர்கள் வந்து இருநூற்று இருபது கேட்டார்கள். முகூர்த்தம் மூன்றாம் நாள். வெளிநாட்டு டப்பா என்னிடம் அறுபதுதான் இருந்தது, அடுத்த கப்பல் நாற்பது நாள் என்றார்கள். உனக்குச் சொன்னேன், மறுநாள் காலையில் லாரி வாசலில் நின்றது. கபாலிக்கு இரண்டு நாள் நிமிர நேரமில்லை. பக்கத்தில் செய்கிறவன் இருந்தால் இது ஒரு லாபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீ ஆறு மாதம் பேசிய நாட்டுப் பேச்சில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவே இல்லை.

அதை எழுத இந்தக் கடிதம் இல்லை. எதிர்த்த கடை ராம்குமாரிடம் உன் டப்பா இருக்கிறது. என்னைவிடப் பன்னிரண்டு ரூபாய் குறைவு. என் வாசலில் நின்று விலை கேட்டுவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் வாங்குகிறார்கள். வாங்கிக்கொண்டு, பேர் வெட்ட என் கபாலியிடம் வருகிறார்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? ஒழுங்காக எழுது.

பொன்மணி

*

ராணிப்பேட்டை,
31.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மாத்திரை தினம் போடுகிறேன். சீதா நலம்.

ராம்குமார் அண்ணாச்சி இங்கே ஷெட்டுக்கே வந்தார். ஆயிரத்து ஐந்நூறு எடுத்தார், பாதிப் பணம் முன்னாலேயே கொடுத்தார். நீங்கள் முந்நூறு எடுத்தீர்கள், பிறகு இருநூற்று இருபது. ஆயிரத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு ஒரு விலை, கீழே எடுப்பவர்களுக்கு ஒரு விலை. பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது. அக்கா என்று உங்களுக்குக் குறைத்தால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

இப்போது பதினான்கு பேர். ஜமீலுன்னிசா இன்னொரு பிரஸ் கேட்கிறார்.

கடிதம் சிறியதாக இருக்கிறது, மன்னிக்கவும். லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

ஜவஹர்

*

தி.நகர்,
5.2.2025

அன்புத் தம்பி ஜவஹருக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாடு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. பொருளாதாரம் இல்லை. அக்காவுக்கு ஒரு நயா பைசா குறைப்பும் இல்லை.

கபாலியிடம் படித்துக் காட்டினேன். "தம்பி கத்துக்கினாரும்மா" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்க் கடைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம், அக்காவுக்குச் சொல்ல வேண்டாமாம்.

இரண்டாயிரம் அனுப்பு. ராம்குமாருக்குக் கொடுத்த விலையில் ஐந்து ரூபாய் குறைத்துப் போடு. பாதிப் பணம் இன்றே அனுப்பிவிட்டேன். குறைக்க முடியாது என்றால் முடியாது என்று எழுது.

நீ எழுதுவாய், எனக்குத் தெரியும். அப்படியும் இரண்டாயிரம் அனுப்பு.

உன் அக்கா,
பொன்மணி